பரணில் லைட்டும் பிளக் பாயின்டும்: சீலிங் ரோஸிலிருந்தே இழுக்கலாமா?

#1 பரண்வாசி

வணக்கம் நண்பர்களே. எங்கள் வீட்டில் சரிவான கூரைக்கும் மாடி அறைகளின் சீலிங்குக்கும் நடுவே பெரிய பரண் இருக்கிறது. நடுப்பகுதியில் நிமிர்ந்து நிற்கலாம், ஓரம் போகப் போகக் குனிய வேண்டும். தரை என்று பார்த்தால் குறுக்குச் சட்டங்களும் அவற்றுக்கு இடையில் விரித்த கிளாஸ் வூலும் (சூட்டைத் தடுக்கும் கண்ணாடி இழைப் பஞ்சு) தான். பாதிப் பரப்புக்குப் பலகை அடித்திருக்கிறோம், மீதி திறந்தே கிடக்கிறது. இதுவரை ஒரு கையில் டார்ச், மறுகையில் பெட்டி என்று சமாளித்துவிட்டோம். இனி அங்கே சின்ன மேசை போட்டுக் கைவேலை செய்யலாம் என்று எண்ணம்.

வேண்டியது இரண்டு எல்இடி பேட்டன் லைட், இரண்டு பிளக் பாயின்ட். மேலே நின்று கிளாஸ் வூலை விலக்கினால் படுக்கையறை சீலிங் ரோஸுக்கு (சீலிங்கில் லைட்டை இணைக்கும் வட்ட மூடிக்கு) போகும் வயர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதிலிருந்தே 1.5 ஸ்கொயர் எம்எம் வயரில் லைட்டுக்கும் பிளக்குக்கும் சேர்த்து இழுத்துவிடலாமா? வேலையைச் செய்யப் போவது உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன்தான். அவரிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதற்குச் சரி சொல்லக் கூடாது என்று தெரிந்துகொண்டு பேச விரும்புகிறேன்.

#2 பழைய வயர்மேன்

தம்பி, வயர் எங்கே கைக்கு எட்டுகிறது என்பதிலிருந்து தொடங்காதீர்கள். லோடு என்ன என்பதிலிருந்து தொடங்குங்கள்.

இரண்டு எல்இடி பேட்டன் சேர்ந்தாலும் 40 வாட்டுக்குள் அடங்கும். 230 வோல்ட்டில் அது 0.2 ஆம்பியர்கூட வராது. லைட் சர்க்யூட்டில் அதைச் சேர்த்தால் யாருக்கும் தெரியாது. பிளக் பாயின்ட் வேறு கதை. நீங்கள் இன்று என்ன செருகப் போகிறீர்கள் என்பதை வைத்து அதைக் கணக்குப் போட முடியாது. நாளை குளிருக்கு ஒருவர் ஹீட்டரை எடுத்துக்கொண்டு ஏறுவார். 2000 வாட் ஹீட்டர் என்றால் 8.7 ஆம்பியர். லைட் சர்க்யூட்டின் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) பெரும்பாலும் 6 அல்லது 10 ஆம்பியர்தான். 6 என்றால் ட்ரிப் ஆகும், 10 என்றாலும் கூடவே இன்னொரு பெரிய பொருளைச் செருகினால் ட்ரிப் ஆகும். அந்தச் சர்க்யூட்டில் உள்ள அறைகள் எல்லாம் இருண்டுவிடும், நீங்கள் சட்டத்தின் மேல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருப்பீர்கள்.

அதுவரைக்கும்கூடப் பெரிய ஆபத்து இல்லை. எம்சிபி தன் வேலையைச் செய்திருக்கிறது. "அடிக்கடி ட்ரிப் ஆகுது" என்று சொல்லி யாராவது அதை எடுத்துவிட்டு 16 அல்லது 20 ஆம்பியர் போடுவார்களே, அங்கேதான் தீ ஆரம்பிக்கிறது. எம்சிபி இருப்பது முதலில் வயரைக் காப்பாற்ற. வயரை மாற்றாமல் எம்சிபியை மட்டும் பெரிதாக்கினால் அந்த வயருக்குக் காவலே இல்லை. நான் பார்த்த கருகிய ஜங்ஷன்களில் பெரும்பாலானவற்றின் பின்னால் இந்தக் கதைதான் இருந்தது.

என் கருத்து: பிளக்குக்கு மெயின் போர்டிலிருந்து தனி சர்க்யூட். லைட்டைப் பற்றி அப்புறம் பேசலாம்.

#3 நிழல்மரம்

தனி சர்க்யூட் என்றால் போர்டிலிருந்து பரண் வரை சுவரைக் கொத்த வேண்டும், பெயின்ட் போகும். எல்லோராலும் அதைச் செய்ய முடியாது. எங்கள் வீட்டுப் பரணில் லைட் லைனிலிருந்துதான் ஒரு சின்ன பிளக் எடுத்திருக்கிறது. 5 ஆம்பியர் மூன்று முள் சாக்கெட் போட்டுவிட்டால் பெரிய பிளக் உள்ளே போகவே போகாது. போன் சார்ஜர், சால்டரிங் அயர்ன், ஒரு சின்ன ஃபேன், இவ்வளவுதான் ஓடுகிறது. பல வருடமாகத் தொந்தரவு இல்லை. தேவையைப் பார்த்துச் செய்யலாமே?

#4 பழைய வயர்மேன்

அம்மா, சின்ன சாக்கெட் போட்டது நல்ல யோசனை, அதை மறுக்கவில்லை. செருகும் பொருளை நீங்களே கட்டுப்படுத்துகிற வரை அது சரியாக ஓடும். ஆனால் பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் செருக அடாப்டர் கிடைக்கிறது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடைக்கிறது. வீடு கை மாறும், பிள்ளைகள் வளர்வார்கள். அந்தப் பாயின்ட் லைட் லைனில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. தம்பி மேசை போட்டு உட்கார்ந்து வேலை செய்யப் போகிறார். அந்த இடத்துக்கு இன்று இல்லாவிட்டாலும் நாளை ஹீட்டரும் வாக்குவம் கிளீனரும் கட்டாயம் ஏறும்.

சுவரைக் கொத்தாமலும் போகலாம். அலமாரிக்கு உள்ளே, படிக்கட்டு மூலையில், பைப் அல்லது கேசிங் கேப்பிங் (சுவர் மேல் ஒட்டும் மூடியுள்ள பிளாஸ்டிக் பட்டை) வைத்து மேலே ஏற்றலாம். கண்ணுக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை, பின்னால் வந்து பார்ப்பவருக்கு அது எளிது.

#5 அளவுகோல்

ஆம்பியர் பேச்சு வந்ததால் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பரணில் வயரிங் செய்பவர்களில் பலர் இதைப் போடுவதே இல்லை.

2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர், பிவிசி உறை, இரண்டு கோர் கேபிள். சுவரில் கிளிப் அடித்துத் திறந்தபடி ஓடினால், சுற்றுப்புறம் 30 டிகிரி செல்சியஸ் என்றால், ஏறக்குறைய 27 ஆம்பியர் தாங்கும். கடைக்காரர் சொல்லும் எண் இதுதான். பிவிசியின் வரம்பு கடத்தி 70 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது. அதை வைத்துத்தான் இந்த 27 வருகிறது.

இப்போது அதே கேபிளை கிளாஸ் வூலுக்குள் புதைத்து ஓட்டுங்கள். நாலாபுறமும் மூடியபடி அரை மீட்டருக்கு மேல் போனாலே தாங்கும் திறன் பாதி, 13.5 ஆம்பியர். வெயில் காலத்தில் கூரைக்கு அடியில் 50 டிகிரி சாதாரணமாக வரும். 50 டிகிரிக்கான குறைப்பு எண் 0.71. பெருக்கினால் 9.6 ஆம்பியர். 27 என்று வாங்கிய கேபிள் 9.6-க்கு வந்து நிற்கிறது.

அதைக் காக்கப் போட்டிருப்பது 16 ஆம்பியர் எம்சிபி. வீட்டு எம்சிபி தன் அளவைப் போல 1.13 மடங்கு, அதாவது சுமார் 18 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரத்துக்குள் விழக் கூடாது என்பதுதான் தரவிதி. 1.45 மடங்கு, 23 ஆம்பியர் போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். ஆக, 9.6 மட்டும் தாங்கும் கேபிளில் 18 ஓடிக்கொண்டே இருக்கும், எம்சிபி அசையாது. எல்லாம் "சரியான சைஸ்" போட்டுத்தான் செய்திருப்பார்கள். உறை சில கோடைகளில் காய்ந்து, விறைத்து, தொட்டால் உடையும் நிலைக்கு வந்துவிடும்.

இதற்குத் தீர்வு பெரிய கேபிள் என்று உடனே தோன்றும். 4 ஸ்கொயர் எம்எம் போட்டாலும் பஞ்சுக்குள் புதைத்து 50 டிகிரியில் 13 ஆம்பியர் அளவுதான் வரும். பஞ்சுக்கு மேலே தூக்கிச் சட்டத்தின் பக்கவாட்டில் கிளிப் அடித்தால் அதே 2.5 கேபிள் 50 டிகிரியில் 19 ஆம்பியர் தாங்கும், 16 ஆம்பியர் எம்சிபிக்குப் போதும். ஆகவே சைஸுக்கு முன்னால் பாதையைத் தீர்மானியுங்கள்.

இவை 220 முதல் 240 வோல்ட் உள்ள இடங்களுக்கான பேச்சு. 110, 120 வோல்ட் உள்ள நாடுகளில் அதே வாட்டுக்கு ஆம்பியர் இரட்டிப்பாகும், சைஸும் எம்சிபியும் அந்த ஊர் விதிப்படி மாறும்.

#6 பரண்வாசி

அளவுகோல் சார், இது எனக்குப் புதுச் செய்தி. நன்றி. எலக்ட்ரீஷியன் வந்து முதல் பார்வை பார்த்துவிட்டுப் போனார். மெயினை அணைத்துவிட்டு சீலிங் ரோஸைத் திறந்து காட்டினார். உள்ளே வருவது இரண்டே வயர். ஃபேஸ், நியூட்ரல். எர்த் இல்லை. பழைய வீடு, லைட் லைனுக்கு எர்த் கொண்டுபோகவே இல்லை என்கிறார்.

இதைக் கேட்ட உறவினர் ஒருவர் "சாக்கெட்டுக்குள்ளேயே எர்த் முனையையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடு, வேலை முடிந்தது" என்கிறார். எலக்ட்ரீஷியன் முடியாது என்று சொல்லிவிட்டார், காரணம் விளக்கவில்லை. ஏன் கூடாது?

இன்னொன்று. ஒரு மூலையில் கிளாஸ் வூலுக்குப் பதில் தெர்மோகோல் ஷீட் அடுக்கியிருக்கிறது. பழைய வயர் அதன் மேல் ஒட்டியபடி கிடக்கிறது. அது பரவாயில்லையா?

#7 பழைய வயர்மேன்

உங்கள் எலக்ட்ரீஷியன் நல்லவர், அவரை விட்டுவிடாதீர்கள்.

அந்தத் துண்டு வயர் என்ன செய்யும் என்று பாருங்கள். நியூட்ரலும் எர்த்தும் சாக்கெட்டில் சேர்ந்துவிட்டால், நீங்கள் செருகும் பொருளின் இரும்பு உடம்பு நியூட்ரலோடு இணைந்திருக்கிறது. எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது, டெஸ்டரும் எரியாது. ஒரு நாள் அந்த லைனில் எங்கோ நியூட்ரல் கழன்றுவிடுகிறது. ஜங்ஷனில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்தால் போதும். அப்போது ஃபேஸ் அந்தப் பொருளின் உள்ளே போய், நியூட்ரல் வழியாகத் திரும்பப் பாதை இல்லாமல், அந்தத் துண்டு வயர் வழியே உடம்புக்கு வந்து நிற்கும். முழு 230 வோல்ட். பொருளில் எந்தக் கோளாறும் இல்லை, சுவிட்ச் போட்டதுதான் குற்றம். ஃபியூஸும் போகாது, எம்சிபியும் விழாது. தொட்டவர் கதி என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. செய்யவே கூடாத வேலை இது.

எர்த் இல்லாத லைனில் மூன்று முள் பிளக் எடுக்காதீர்கள். போர்டிலிருந்து மூன்று வயரும் சேர்ந்து மேலே வரட்டும். போர்டில் எர்த் பார் இருக்கிறதா, அது உண்மையிலேயே எர்த்தோடு சேர்ந்திருக்கிறதா என்று அவர் அளந்து காட்ட வேண்டும். பச்சை வயர் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து எர்த் இருக்கிறது என்று நம்ப வேண்டாம்.

மெயினை அணைத்துப் பார்த்தார் என்றீர்கள், நல்லது. லைட் எம்சிபியை மட்டும் அணைத்துவிட்டுப் பழைய ரோஸில் கை வைக்கக் கூடாது. பழைய வீடுகளில் ஒரு சர்க்யூட்டின் லைட் வேறு சர்க்யூட்டின் நியூட்ரலைக் கடன் வாங்கியிருக்கும். ஃபேஸ் செத்திருக்கும், நியூட்ரலைக் கழற்றினால் உதைக்கும். அதேபோல இன்வெர்ட்டரோ சோலார் பேட்டரியோ இருந்தால் மெயின் அணைந்த பிறகும் சில லைன்களில் கரண்ட் இருக்கும், அதையும் தனியாக அணைக்க வேண்டும். பிறகு இரண்டு முனை டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்து எரிகிறதா என்று பார்த்து, அப்புறம் வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மறுபடியும் கரண்ட் உள்ள இடத்தில் பார்க்க வேண்டும். ஸ்க்ரூடிரைவர் டெஸ்டர் எரியவில்லை என்பதற்காகத் தொடாதீர்கள். அதன் நியான் செத்திருக்கலாம், வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

#8 அளவுகோல்

தெர்மோகோல் கேள்விக்கு: கூடாது. பிவிசி உறை வளைந்து கொடுப்பதற்காக அதில் பிளாஸ்டிசைசர் சேர்த்திருப்பார்கள். தெர்மோகோலைத் தொட்டபடி வருடக்கணக்கில் கிடந்தால் அந்தப் பொருள் தெர்மோகோலுக்குள் இறங்கிவிடும். கேபிள் படுத்த இடத்தில் தெர்மோகோல் குழிந்து பிசுபிசுவென்று இருக்கும், உறை காய்ந்து கெட்டியாகிவிடும். அதை வளைத்தால் வெடிப்பு விழும். நடுவே இடைவெளி விட்டோ கேபிளைப் பைப்புக்குள் விட்டோ பிரிக்க வேண்டும். பழைய வயரை இப்போது அசைக்காமல், எலக்ட்ரீஷியன் வரும்போது கரண்ட் இல்லாத நிலையில் அதன் உறையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கீழ் அறைகளில் சீலிங்கில் பதித்த டவுன்லைட் இருக்கிறதா? அதன் முதுகு பரணுக்குள்தான் நீட்டிக்கொண்டிருக்கும்.

#9 பரண்வாசி

ஹாலுக்கு மேலே நான்கு இருக்கிறது சார். கிளாஸ் வூலை அவற்றின் மேலேயே விரித்திருக்கிறார்கள்.

#10 அளவுகோல்

இதைப் பரண் வேலை தொடங்கும்வரை தள்ளிப்போட வேண்டாம். பழைய ஹாலஜன் டவுன்லைட் என்றால் அதன் முதுகு மரத்தைக் கருக்கும் அளவுக்குச் சூடாகும். அவற்றை எரிக்காமல் வைத்திருந்து, பஞ்சை விலக்கிவிட்டு, அப்புறம் மாற்றுங்கள். எல்இடி என்றால் சூடு குறைவு, ஆனாலும் மூடிக் கிடந்தால் அதன் டிரைவர் (எல்இடிக்குக் கரண்டை மாற்றித் தரும் சர்க்யூட்) சீக்கிரம் சாகும். இன்சுலேஷனால் மூடலாம் என்று உற்பத்தியாளர் ஃபிட்டிங் மேலேயே எழுதியிருந்தால் மட்டும் மூடலாம். இல்லாவிட்டால் அதற்கென்றே வரும் தீத்தடுப்புக் கவசத் தொப்பியைக் கவிழ்த்துவிட்டு அதன் மேல் பஞ்சை விரிக்கலாம். வெறுமனே பஞ்சை விலக்கி வைப்பது தற்காலிகம்தான், அடுத்த முறை யாராவது பெட்டியைத் தள்ளும்போது திரும்ப மூடிக்கொள்ளும்.

#11 தச்சுக்கை

நான் மர வேலைக்காரன். கேபிள் கணக்கு என் துறை இல்லை, ஆனால் எலக்ட்ரீஷியன்கள் போன பின்னால் சட்டங்களைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

குறுக்குச் சட்டத்தின் மேல் விளிம்பை வெட்டிப் பள்ளம் எடுத்துக் கேபிளைப் படுக்க வைத்து, அதன் மேல் பலகை அடிப்பது எளிது. ஆனால் பலகை ஆணி நேராகக் கேபிளுக்குள் இறங்கும். கீழ் விளிம்பை வெட்டினால் இன்னும் மோசம். பாரம் வரும்போது சட்டத்தின் கீழ்ப்பக்கம் இழுபடும், மேல்பக்கம் அழுந்தும், நடுவில் இரண்டும் குறைவு. துளை போடுவதென்றால் சட்டத்தின் உயரத்தில் சரிபாதியில் போட வேண்டும். துளையின் விட்டம் சட்ட உயரத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. மேல் விளிம்பிலிருந்து 50 மில்லிமீட்டராவது கீழே இருந்தால் பலகை ஸ்க்ரூ எட்டாது. சட்டம் சுவரில் உட்காரும் முனைக்குப் பக்கத்திலும் வேண்டாம், நடு மையத்திலும் வேண்டாம்.

உங்கள் கூரை மரத்துண்டுகளை ஆணிப்பல் உள்ள இரும்புத் தகடு வைத்து முக்கோண முக்கோணமாகச் சேர்த்ததா என்று பாருங்கள். அப்படியானால் அது ட்ரஸ். அதில் எங்குமே துளை போடக் கூடாது. பக்கவாட்டில் கிளிப் அடித்துக்கொண்டு போகலாம், அதோடு சரி.

வேலை செய்யும்போது சட்டத்தின் மேல்தான் கால் வைக்க வேண்டும், சீலிங் போர்டு ஆளைத் தாங்காது. இரண்டு மூன்று சட்டங்களுக்குக் குறுக்கே அகலமான பலகை போட்டு அதன் மேல் முட்டி போட்டு நகர்வது நல்லது. முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம், கிளாஸ் வூல் தோலில் பட்டால் அரிப்பு அடங்காது. பஞ்சுக்குப் பதில் மினுங்குகிற சின்னச் சின்னச் செதில்களாகக் கொட்டியிருந்தால் அது வெர்மிகுலைட். பழைய வீடுகளில் சில வெர்மிகுலைட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும், பரிசோதிக்காமல் கிளறக் கூடாது.

வெயில் ஏறிய பிறகு பரணுக்குள் ஆளை அனுப்பாதீர்கள். விடிகாலையில் வேலை நடக்கட்டும், கீழே ஒருவர் குரல் கேட்கும் தூரத்தில் இருக்கட்டும்.

#12 நிழல்மரம்

அளவுகோல் போட்ட கணக்கைப் படித்த பின் எங்கள் பரணிலும் கேபிள் எங்கே ஓடுகிறது என்று ஏறிப் பார்த்தேன். சட்டத்தின் பக்கவாட்டில்தான் கிளிப் அடித்திருக்கிறது, அந்த வரை நிம்மதி. ஆனால் எலி கடித்த தடம் ஓரிடத்தில் இருந்தது. உள்ளே செம்பு தெரிகிற அளவுக்கு இல்லை, மேல் உறை மட்டும் சுரண்டியிருக்கிறது. அந்த லைனை அணைத்து வைத்திருக்கிறேன்.

பரண்வாசி, உங்கள் பரணில் எலி நடமாட்டம் இருந்தால் கேபிளைப் பைப்புக்குள் விடச் சொல்லுங்கள். கெட்டியான பைப் நல்லது, நெளிவு பைப்பையும் எலி கடிக்கும்.

#13 பழைய வயர்மேன்

அணைத்து வைத்தது ரொம்பச் சரி அம்மா. மேல் உறை மட்டும் போனதாகத் தெரிந்தாலும் அந்த நீளத்தை மாற்றச் சொல்லுங்கள், டேப் சுற்றி விடாதீர்கள். பரண் சூட்டில் டேப்பின் பசை உருகி அவிழ்ந்துவிடும்.

கேபிளைக் கடித்த கதையோடு ஜாயின்ட் கதையையும் சொல்கிறேன். பரணில் தீப்பிடிப்பதற்குக் கேபிளின் நடுப்பகுதியைவிட ஜாயின்ட் காரணமாக இருப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வயரை முறுக்கி, டேப் சுற்றி, பஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போவார்கள். நாளடைவில் அந்த முறுக்கு தளரும். அரை ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்துவிட்டது என்று வையுங்கள். 8 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 32 வாட் சூடு வரும். ஒரு சால்டரிங் அயர்னை எரியவிட்டுப் பஞ்சுக்குள் புதைத்து வைத்தது போலத்தான். எம்சிபிக்கு அது தெரியாது, ஏனென்றால் ஓடுவது 8 ஆம்பியர்தான். எர்த்துக்குக் கசியும் கரண்டைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபிக்கும் தெரியாது, ஏனென்றால் எதுவும் எர்த்துக்குப் போகவில்லை.

அதனால் நடுவில் ஜாயின்டே இல்லாமல் முழு நீளமாகக் கேபிள் ஓட்டச் சொல்லுங்கள். தவிர்க்க முடியாத இடத்தில் மூடியுள்ள ஜங்ஷன் பாக்ஸ், சரியான கனெக்டர், கேபிள் உள்ளே நுழையும் இடத்தில் இழுத்தால் வராதபடி பிடிப்பு. பாக்ஸைச் சட்டத்தில் ஸ்க்ரூ அடித்து நிறுத்த வேண்டும், பஞ்சுக்கு மேலே கண்ணுக்குத் தெரிய வேண்டும். பலகைக்கு அடியில் மறைந்த பாக்ஸை யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை.

பழைய வயரிங் அலுமினியமாக இருந்தால் செம்பை அதோடு நேரடியாக முறுக்கக் கூடாது, அதற்கென்று தனி கனெக்டர் இருக்கிறது.

#14 பரண்வாசி

எல்லோருக்கும் நன்றி. எலக்ட்ரீஷியனிடம் உட்கார்ந்து பேசித் திட்டத்தை மாற்றிவிட்டோம். சீலிங் ரோஸைத் தொடவில்லை. போர்டில் காலி இடம் இருக்கிறது, எர்த்தையும் அளந்து பார்த்துவிட்டார், நன்றாக இருக்கிறது. அங்கிருந்து அலமாரி மூலை வழியாக 2.5 ஸ்கொயர் எம்எம் ஒன்று மேலே ஏறும், 16 ஆம்பியர் எம்சிபி, 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி. மேலே போனதும் கூரையின் உச்சி முகட்டை ஒட்டிப் பைப் ஓட்டி, லைட்டையும் பிளக்கையும் அதிலிருந்தே எடுக்கலாம் என்கிறார். முகட்டில் ஓட்டினால் கால் படாது, பஞ்சும் படாது.

பழைய வயர்மேன் அண்ணா, அளவுகோல் சார், இதில் ஏதாவது இடிக்கிறதா?

#15 அளவுகோல்

முகடு இடிக்கிறது. சூடான காற்று மேலே போய்த் தங்கும் இடம் அதுதான், ஓட்டுக்கோ தகட்டுக்கோ மிக அருகிலும் இருக்கும். அங்கே 60 டிகிரி வந்தால் குறைப்பு எண் 0.5. பைப்புக்குள் போகும் 2.5 ஸ்கொயர் எம்எம் 24 ஆம்பியரிலிருந்து தொடங்குகிறது, பாதியானால் 12. உங்கள் 16 ஆம்பியர் எம்சிபி அதைக் காக்காது. சட்டங்களுக்கு ஒரு முழம் மேலே, பக்கச் சரிவில், பஞ்சுக்கும் கூரைக்கும் நடுவாக ஓட்டுங்கள். அங்கே 50 டிகிரிக்குக் கணக்குப் போட்டால் 17 வரும், போதும். கூரை தகரம் என்றால் 4 ஸ்கொயர் எம்எம் போடுவது நிம்மதி, இல்லாவிட்டால் எம்சிபியை 10 ஆம்பியர் ஆக்கிவிடுங்கள்.

#16 பழைய வயர்மேன்

தம்பி, இன்னொன்றும் இடிக்கிறது. லைட்டும் பிளக்கும் ஒரே எம்சிபியில், ஒரே ஆர்சிசிபியில். மேசையில் ஏதோ ஒரு கருவி கோளாறாகி ட்ரிப் ஆனால் லைட்டும் போய்விடும். திறந்த சட்டங்களும் இறங்கும் ஏணியும் உள்ள இடத்தில் திடீர் இருட்டு ஷாக்குக்குக் குறைந்த ஆபத்து இல்லை. லைட்டுக்குத் தனியாக 1.5 ஸ்கொயர் எம்எம், 6 ஆம்பியர். இரண்டுக்கும் தனித்தனி ஆர்சிபிஓ (எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒன்றாகச் சேர்ந்தது) போட்டால் ஒன்று விழுந்தால் மற்றது நிற்கும். போர்டில் அதற்கு இடம் இல்லையென்றால், பரண் வாயருகே கரண்ட் போனால் தானே எரியும் எமர்ஜென்சி லைட் ஒன்றை மாட்டிவிடுங்கள். நான் இரண்டையும் செய்யச் சொல்வேன்.

சுவிட்ச் பரணுக்கு உள்ளே வேண்டாம். ஏணியில் கால் வைக்கும் முன் கைக்கு எட்டுகிற மாதிரி கீழே இருக்கட்டும். அதில் சின்ன இன்டிகேட்டர் இருந்தால், மேலே லைட்டை மறந்து விட்டிருப்பது கீழிருந்தே தெரியும். முதல் பேட்டன் பரண் வாய்க்கு நேர் மேலே, ஏறும் படி நன்றாகத் தெரியும்படி. இரண்டாவது மேசைக்கு மேலே, ஆனால் நிமிரும்போது தலை இடிக்காத பக்கமாக. டியூப் வெளியே தெரியாத, மூடிய ஃபிட்டிங் வாங்குங்கள், பெட்டி இடித்தாலும் உடையாது.

சாக்கெட்டைச் சட்டத்தை ஒட்டித் தரைமட்டத்தில் வைக்காதீர்கள், பஞ்சுத் தூசி உள்ளே போகும், பெட்டி வந்து மோதும். மேசை உயரத்தில் சுவரிலோ கைமரத்திலோ பலகை அடித்து அதன் மேல். பரணில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதற்குப் பக்கத்திலும் குழாய்க்கு நேர் கீழேயும் வேண்டாம்.

வேலை முடிந்ததும் அவர் என்னென்ன அளந்து காட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கரண்ட் கொடுப்பதற்கு முன்: ஒவ்வொரு சாக்கெட்டின் எர்த் முள்ளிலிருந்தும் போர்டு எர்த் பார் வரை தொடர்ச்சி இருக்கிறதா. அப்புறம் மெகர் (வயர் உறையின் தடையை அளக்கும் கருவி) வைத்து 500 வோல்ட்டில் வயரின் இன்சுலேஷன். எல்இடி ஃபிட்டிங்கை அந்த நேரத்தில் கழற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் டிரைவர் போய்விடும். ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால் ஏற்கக் கூடாது. புதுக் கேபிளில் அதைவிட எத்தனையோ மடங்கு அதிகம் வர வேண்டும், 2 மெகாஓம் காட்டினாலும் எங்கே உறை சிராய்ந்தது என்று தேட வேண்டியதுதான். கரண்ட் கொடுத்த பின்: ஃபேஸ், நியூட்ரல் இடம் மாறாமல் இருக்கிறதா, எர்த் லூப் (ஃபேஸ் எர்த்தில் பட்டால் கரண்ட் சுற்றி வரும் பாதை) எம்சிபியை விழ வைக்கும் அளவுக்குத் தடை குறைவாக இருக்கிறதா, ஆர்சிபிஓ 30 மில்லியாம்பியரில் 300 மில்லிசெகண்டுக்குள் விழுகிறதா. மேலே உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பது மட்டும் போதாது. அது அந்தக் கருவி வேலை செய்கிறதா என்று மட்டும் சொல்லும், உங்கள் எர்த்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அளவுகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புது சர்க்யூட் சேர்த்தால் தெரிவிக்க வேண்டும் அல்லது சான்றிதழ் வேண்டும் என்று உங்கள் இடத்து விதி சொன்னால் அதையும் சேர்த்தே கேளுங்கள்.

#17 நிழல்மரம்

ஒரு சந்தேகம் அண்ணா. 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இருந்துவிட்டால் ஷாக் அடிக்கவே அடிக்காது என்கிறார்களே?

#18 பழைய வயர்மேன்

அடிக்கும் அம்மா. உடம்பு வழியாக எர்த்துக்குப் போகிற கரண்டைத்தான் அது கண்டுபிடிக்கும். அப்போதும் முதல் உதை விழும், சீக்கிரம் துண்டிக்கும், அவ்வளவுதான். ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பட்டால் அதற்கு நீங்களும் ஒரு பல்பும் ஒன்றுதான், விழாது. எர்த் ஒழுங்காக இருந்தால் பொருளின் உடம்புக்குக் கரண்ட் வந்த கணத்திலேயே, யாரும் தொடும் முன்பே அது விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் யாராவது தொட்ட பிறகுதான் விழும். ஆர்சிசிபி இருக்கிறதே என்று எர்த்தை விட்டுவிடாதீர்கள்.

#19 பரண்வாசி

முகட்டை விட்டுவிட்டுப் பக்கச் சரிவில் பைப், இரண்டு தனி ஆர்சிபிஓ, கீழே இன்டிகேட்டர் சுவிட்ச், எமர்ஜென்சி லைட், எல்லாவற்றுக்கும் அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். ஹால் டவுன்லைட் ஹாலஜன்தான் என்று தெரிந்தது. பஞ்சை விலக்கிவிட்டு, சுவிட்ச் மேல் டேப் ஒட்டி வைத்திருக்கிறோம், எல்இடி வந்ததும் மாற்றுவார். தெர்மோகோல் மேல் கிடந்த பழைய வயரின் உறை அளவுகோல் சார் சொன்னபடியே விறைத்துப் போயிருக்கிறது. அந்த நீளத்தை எடுத்துவிட்டு, பழைய லைட் லைன் முழுவதையும் மெகர் பார்த்துவிட்டு, எர்த்தோடு மாற்றுவதைப் பற்றிப் பேசலாம் என்கிறார்.

அதுவரை கீழே படுக்கையறை பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைப் பரண் வாய் வழியாக மேலே கொண்டுபோய் ஒரு லைட் எரிக்கலாமா? பெட்டிகளை நகர்த்த வேண்டியிருக்கிறது.

#20 பழைய வயர்மேன்

நீங்கள் மேலே இருக்கும் நேரத்துக்கு மட்டும், ஆர்சிசிபி உள்ள பிளக்கிலிருந்து, சுருளை முழுவதும் அவிழ்த்துவிட்டு, எல்இடி லைட்டுக்கு மட்டும் என்றால் சரி. இறங்கும்போது வயரையும் இறக்கிவிட வேண்டும். வயர் உள்ளே இருக்கும்போது பரண் கதவை மூடவே கூடாது, விளிம்பில் நசுங்கி உறை அறுந்துவிடும். சார்ஜ் செய்யும் எல்இடி விளக்கு கையில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், இந்தத் தலைவலியே இல்லை.

#21 தச்சுக்கை

மீதிப் பாதிக்குப் பலகை அடிப்பதை அளவெல்லாம் எடுத்து முடிக்கும்வரை நிறுத்தி வையுங்கள். அடிக்கும் முன் ஒவ்வொரு சட்ட இடைவெளியையும் போட்டோ எடுத்து, பக்கத்தில் அளவு டேப் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். பலகைக்கு ஆணி வேண்டாம், ஸ்க்ரூ போடுங்கள். கேபிள் துளை வழியாகப் போகும் சட்டத்தின் மேல் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, அந்த இடத்தைத் தவிர்த்து முடுக்குங்கள். பலகை அழுத்திப் பஞ்சு தட்டையாகிவிட்டால் இன்சுலேஷன் பலன் போய்விடும், கேபிளும் அதற்குள் அமிழும். பஞ்சு சட்டத்தைவிட உயரமாக இருந்தால் மேலே கட்டை வைத்துப் பலகையைத் தூக்கி அடியுங்கள்.

ஜங்ஷன் பாக்ஸ் எங்காவது வந்தே தீரும் என்றால், அந்த இடத்துப் பலகையை மட்டும் தனித் துண்டாக வெட்டித் தருகிறேன் என்று உங்கள் தச்சர் சொல்ல வேண்டும். நான்கு ஸ்க்ரூ, விரல் நுழைய ஒரு துளை, மேலே "ஜங்ஷன்" என்று பெயின்டில் எழுத்து. அதன் மேல் பெட்டி அடுக்காமல் விட்டால் போதும்.